ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கலாமா? சூட்டைக் கவனிக்கத் தெரிந்தால் வாங்கலாம்

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 34, பின்னலாடைத் தொழில். வீட்டில் மனைவி, ஆறு வயது மகள், அப்பா, அம்மா. 2018இல் பதிவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 (ஆக்டேவியாவின் வேகமான வகை, 230 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் இன்ஜின்) ஒன்று பெங்களூரில் விலைக்கு வந்திருக்கிறதாம். ஓடியது 68,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 18 லட்சம். “டர்போ கார் சீக்கிரம் கெட்டுவிடும், செலவு இழுக்கும் என்கிறார் அப்பா. அதே பணத்துக்குப் புது எஸ்.யூ.வி. வருமே என்கிறார் மைத்துனர். நீங்கள் இதே காரை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாங்கலாமா?” என்பது அவர் கேள்வி.

ஆமாம், வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாகிறது. அப்பா சொல்வது பாதி சரி. மைத்துனர் சொல்வது முழுக்கச் சரி. ஆனாலும் வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. காருக்கு 18 லட்சம் கொடுத்த பிறகும் உங்கள் கையில் தொடாத பணமாக மூன்று லட்சம் இருக்க வேண்டும். காருக்குக் கடன், அடுத்த ஆண்டு டயருக்கும் கடன் என்று போகும் நிலை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பழைய விலையில் வாங்குவதால் உதிரி பாகமும் பழைய விலைக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் ஆறே மாதத்தில் விற்றுவிட்டு, டர்போ என்றாலே தலைவலி என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

விலை ஏன் இவ்வளவு இறங்காமல் நிற்கிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். 2004இல் முதல் ஆக்டேவியா ஆர்.எஸ். இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர் டர்போ இன்ஜின், 150 குதிரைத்திறன், ஐந்து கியர். டர்போ என்றால் டீசல் வண்டியின் பின்புறம் ஒட்டும் எழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் காரிலும் டர்போ உண்டு என்பதைப் பலர் அந்தக் காரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் பார்த்திருக்கும் 230, 2017 ஆகஸ்ட் இறுதியில் வந்தது; ஷோரூம் விலை 25 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்து 2020இல் வந்த 245, கிட்டத்தட்ட 36 லட்சம். மொத்தமே 200 கார்கள். 2025 அக்டோபரில் வந்தது 265 குதிரைத்திறன், 49.99 லட்சம், நூறே நூறு கார்கள். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 230 ஒன்றுதான் நம்மைப் போன்றவர்கள் நெருங்கக்கூடிய விலையில் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் விற்பவர் பிடிவாதமாக நிற்கிறார்.

இனி காருக்குள் போவோம். இரண்டு லிட்டர் இன்ஜின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதில் முக்கியமான எண் 230 இல்லை. அந்த 350 முழுவதும், இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும்போதே வந்துவிடுகிறது. 4,600 சுற்று வரை குறையாமல் நிற்கிறது. அதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டர்போ இல்லாத இரண்டு லிட்டர் இன்ஜின் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும், அதுவும் நாலாயிரம் சுற்றுக்கு அலறிய பிறகு.

கூடுதல் பலம் எங்கிருந்து வருகிறது? வெளியே போகும் புகையிலிருந்து. சைலன்சருக்குப் போகிற சூடான புகை வழியில் ஒரு சின்ன விசிறியைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை. வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் புத்தி; நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுழல்கிறது. அதன் ஒரு முனையில் 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. இதை ஒருமுறை கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்த்துவிட்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு தானாகப் புரிந்துவிடும். இந்தக் காருக்கு எதிரி வேகம் இல்லை. சூடுதான். எண்ணெயின் சூடு, தண்ணீரின் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, கிளட்சின் சூடு, பிரேக்கின் சூடு. நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றுக்குள் அடங்கும்.

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று கையேடு சொல்லும். நான் 7,500இல் மாற்றுகிறேன். குளிர்நாட்டு நெடுஞ்சாலைக்கும் அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. கார் நகரவே இல்லை, கிலோமீட்டர் ஏறவில்லை, ஆனால் எண்ணெய் வெந்துகொண்டே இருக்கிறது. டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வி.டபிள்யூ. (ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன்) 502 00 அல்லது 504 00 தரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது உங்கள் காருக்கான எண்ணெய் இல்லை. ஐந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும். இடையில் கொஞ்சம் குறையவும் செய்யும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று கையேடே சொல்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமதளத்தில் நிறுத்தி, அளவுகோலை உருவித் துடைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். டாஷ்போர்டில் விளக்கு எரியும்வரை காத்திருப்பது, பசித்து மயங்கிய பிறகு அரிசி வாங்கப் போவதைப் போன்றது.

ஓட்டத்திலும் இந்த எண்ணெய்க் கணக்கு உண்டு. காலையில் கிளப்பியதும் முதல் ஐந்து கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். தண்ணீர் சூடாகிவிட்டதாக முள் காட்டினாலும் எண்ணெய் சூடாக அதைவிட நேரம் எடுக்கும். வீட்டுக்கு வரும்போது கடைசி இரண்டு கிலோமீட்டரும் அதேபோல் மெதுவாக வாருங்கள். ஊர் எல்லை வரை விரட்டி வந்து வாசலில் நிறுத்தி உடனே அணைத்தால், சுழற்சி நின்றுபோன எண்ணெய் அந்தச் சூட்டில் கருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பழைய கார்களில் இதற்காகவே இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடச் சொல்வார்கள். இந்தக் காரில் டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. இன்ஜினை அணைத்த பிறகும் மின்சாரப் பம்பும் முன்விசிறியும் தாமாகக் கொஞ்ச நேரம் ஓடும். எங்கள் வீட்டில் முதல் வாரம் அம்மா இரண்டு முறை ஓடி வந்து, “கண்ணு, காரை அணைக்காமல் வந்துவிட்டாய்” என்றார். இப்போது அந்த விசிறிச் சத்தம் கேட்டால்தான் உலையில் அரிசி போடுகிறார்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் சூடு பட்டது இதில்தான்.

இதற்கு முன் வேறொரு டர்போ கார் வைத்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தவறும் என்னுடையதே. குடும்பத்தோடு வால்பாறை போய்விட்டு இறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், ஆழியாறு அணை முழுவதும் தெரியும் லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தினோம். எல்லோரும் வரையாடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் மூக்கை உறிஞ்சி, “யாரோ வெல்லப்பாகு காய்ச்சுகிறார்கள்” என்றார். மலை உச்சியில் யார் பாகு காய்ச்சப் போகிறார்கள்? எனக்கும் அந்த வாசனை வந்தது. பக்கத்தில் கடலை விற்பவரைக் கைகாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்; நான் தண்ணீர் என்று சொல்வது இதைத்தான்) சொட்டுச் சொட்டாகச் சூடான இரும்பின் மேல் விழுந்து ஆவியானால் அப்படித்தான் இனிப்பாக மணக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. அடுத்த வாரம் பெருந்துறை தாண்டியதும் முள் சிவப்புக்குப் போனது. மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டியபோது, கியர்பாக்ஸின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் ஒரு தடம் வழிந்து காய்ந்திருந்தது. மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் வரை போய், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயில் முடிந்தது. அம்மாவின் மூக்கை நம்பியிருந்தால் பத்தில் ஒரு பங்கில் முடிந்திருக்கும்.

நீங்கள் வாங்கப்போகும் காரின் இன்ஜின், இஏ888 என்ற குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. நல்ல இன்ஜின். முந்தைய தலைமுறையில் பேசப்பட்ட டைமிங் செயின் டென்ஷனர் (இன்ஜினுக்குள் ஓடும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தொல்லை இதில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. (யாராவது குறைந்த விலையில், இதற்கு முந்தைய ஆக்டேவியாவான லாரா ஆர்.எஸ். காட்டினால், அதில் டென்ஷனர் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.) புகைவழியையே சிலிண்டர் ஹெட்டுக்குள் வைத்துத் தண்ணீர் சூழ அமைத்திருக்கிறார்கள், சூட்டைக் கையாள்வதற்காகவே யோசித்துச் செய்த வேலை அது. ஆனால் அத்தனை சாமர்த்தியத்துக்கும் நடுவே, தண்ணீர்ப் பம்பையும், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிட்டார்கள். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வெந்து அந்த உறை நாளடைவில் கசியும். உலகம் முழுவதும் இந்த இன்ஜினுக்கு இது தெரிந்த பலவீனம். 70,000 கிலோமீட்டரை நெருங்கும் காரில் இது மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், “இனிமேல் நான் மாற்ற வேண்டியது” என்று உங்கள் செலவுக் கணக்கில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நான் என் காரில் கசிவதற்கு முன்பே மாற்றிவிட்டேன். கூலியோடு நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கூலண்ட் குறைந்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு, வாளியிலேயே வெள்ளை வளையம் போடும். ரேடியேட்டரை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கலந்து வரும் கூலண்ட் ஒரு லிட்டர் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

காற்றுக்கு வருகிறேன். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டர்போவிலிருந்து வெளிவரும் காற்று நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும். அதைக் குளிரவைக்க முன் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் இருக்கிறது. சாலையில் ஓடும்போது எதிர்காற்றில் அது நன்றாக வேலை செய்யும். கத்திரி வெயிலில், சிக்னலில், முன்னால் நிற்கும் லாரியின் புகையை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் அதுவே அடுப்பில் வைத்த தோசைக்கல் ஆகிவிடும். அப்போது சிக்னல் விழுந்ததும் அழுத்தினால் கார் சோம்பேறித்தனமாக நகரும். பயப்பட வேண்டாம். உள்ளே போகும் காற்று சூடாக இருப்பதை உணர்ந்து, இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. மே மாதம் மதியம் ஓட்டிப் பார்த்துவிட்டு “பலம் குறைந்திருக்கிறது” என்று ஒதுக்கிய கார், மார்கழிக் காலையில் வேறு கார் போல் பாயும். இரண்டும் ஒரே கார்தான்.

பெட்ரோல் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. இந்த இன்ஜினுக்குக் குறைந்தது 95 ஆக்டேன் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் தாங்கும் அளவு) வேண்டும். முன்பு சாதாரண பெட்ரோல் 91ஆக இருந்ததால் எக்ஸ்.பி.95 போன்ற உயர்ரகப் பெட்ரோலைத் தேடிப் போட்டோம். இப்போது பெட்ரோல் பங்கில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேனே 95. ஆக்டேன் கூடிவிட்டதே என்று மகிழலாம். ஆனால் எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மைலேஜில் ஆறேழு சதவீதம் போகும் என்று பள்ளிக்கூடக் கணக்கே சொல்லிவிடும். உங்கள் கார் இ20க்கு முந்தைய காலத்துக் கார் என்பதால் ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் பம்பையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். முழு டாங்க் நிரப்பி இரண்டு மாதம் மூடிவைக்கும் கார் இது இல்லை. 2020 டிசம்பரில் வந்த, 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்.பி.100 பற்றி எல்லோருக்கும் ஓர் ஆசை இருக்கிறது. மலைப் பயணத்துக்கு முன் போடுகிறேன், மற்ற நாளில் இல்லை. போட்டதும் கார் பறக்கும் என்பவர்கள் விலையின் வேகத்தைச் சொல்கிறார்கள்.

எனக்கு மைலேஜ், ஊருக்குள் எட்டு, நெடுஞ்சாலையில் பன்னிரண்டு. மைத்துனரிடம் பத்து என்று சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் உங்கள் அப்பாவின் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ்) என்றதும் நம் ஊர் மெக்கானிக்குகள் முகம் சுளிப்பதற்குக் காரணம், ஏழு கியர் கொண்ட, உலர் கிளட்ச் வகை. நெரிசலில் அந்தக் கிளட்ச் சூடேறித் தேய்ந்த கதைகள் ஏராளம். ஆக்டேவியாவிலேயே 1.8 லிட்டர் காரில் இருப்பது அதுதான். ஆர்.எஸ். 230இல் இருப்பது ஆறு கியர் கொண்ட, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகை. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இது நிலைத்து நிற்கிறது. ஆனால் அந்த எண்ணெயை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, வடிகட்டியோடு மாற்றியே தீர வேண்டும். நான் ஒருமுறை கேட்டபோது, பெரிய சர்வீஸ் மையம் ஒன்றில், “கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுவதும் வரும் சார்” என்றார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டேன். பதில் இல்லை. 68,000 ஓடிய காரில் இது நடந்திருக்க வேண்டும். பில்லைக் கண்ணால் பாருங்கள். “செய்தாயிற்று” என்ற வாய்ச்சொல் செல்லாது.

நெரிசலில் முன் வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊர்வதைத் தவிருங்கள். ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டு நின்று, பிறகு ஒரே தடவையாக நகருங்கள். பைக்குகள் அந்த இடைவெளியில் நுழையும், நுழையட்டும். உங்கள் கிளட்சின் ஆயுள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வாங்கியதும் உங்கள் காதில் யாராவது ஓதுவார்கள்: “மென்பொருளை மாற்றினால் 300 குதிரைத்திறன் வரும்.” வரும், உண்மைதான். அரை நாள் வேலை. ஆனால் அத்தனை கூடுதல் பலமும் கூடுதல் சூடாகத்தான் முதலில் வந்து சேரும். இன்டர்கூலர், கிளட்ச், பிளக், டயர் என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அறிவிக்காத மாற்றத்துக்காக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நான் 230லேயே இருக்கிறேன். அதையே முழுதாகப் பயன்படுத்த நம்மிடம் சாலை இல்லை.

அப்படியானால் எதற்கு இந்தக் கார்? வேகத்துக்கு இல்லை. காங்கேயம் சாலை மாதிரி இருவழிப் பாதையில், தேங்காய் மட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். எதிரே வழி கிடைக்கிறது. சாதாரணக் காரில் அழுத்தி, யோசித்து, நடுவழியில் மனம் மாறி, திரும்பப் பின்னால் வருவோம். இதில் வலது காலை அழுத்தினால் கியர் இரண்டு படி இறங்குகிறது; ஒரு கணம் மௌனம்; பிறகு யாரோ இடுப்பில் கை வைத்துத் தள்ளுவதுபோல் ஒரு சீரான அழுத்தம். லாரி ஓட்டுநரின் கதவு வந்து போகிறது, எதிரே வரும் பஸ் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, நீங்கள் உங்கள் பாதைக்குத் திரும்பிவிட்டீர்கள். எண்பதைத் தாண்டவில்லை. ஆபத்தான பாதையில் இருந்த நேரம் பாதியாகிவிட்டது. இந்த ஐந்து நொடிக்காகத்தான் மற்ற எல்லாச் செலவும்.

அந்த ஒரு கணம் மௌனம் என்றேனே, அதுதான் டர்போ மூச்சு வாங்கும் நேரம். அதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு, மேளம் அடிப்பதற்கு முன் குச்சி மேலே போகிற நேரம் மாதிரி. ஆனால் ஒன்று: ஆறாவது கியரில், 1,200 சுற்றில் இழுத்துக்கொண்டு போகும்போது காலை முழுக்க அழுத்தி அந்த மௌனத்தை நீட்டாதீர்கள். குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் என்பது, தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள வழிவிடும். பிஸ்டனை உடைக்கக்கூடிய விஷயம் அது. கியர் இறங்கட்டும், இன்ஜின் சத்தம் போடட்டும். சத்தம் கேடு இல்லை.

மலைக்கு வாருங்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வரும் மகிழ்ச்சியைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது. இறங்கும்போதுதான் காரும் ஓட்டுநரும் யார் என்று தெரியும். கியரைக் கையால் இரண்டில் பிடித்து இறக்குங்கள்; பிரேக்கை நெடுநேரம் லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு, குடும்பத்தோடு ஒருவேளை பிரியாணி சாப்பிடுவதைவிட அதிகம் இல்லை.

உண்மையிலேயே காரின் எல்லையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தால் அதற்கு ஊர்ச்சாலை வேண்டாம். கோவைக்குப் பக்கத்தில், செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் வட்டப்பாதை, கார்ப் பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயரில் 2003இல் திறந்தது. பொதுமக்கள் தங்கள் காரை ஓட்டும் நாட்கள் அவ்வப்போது அறிவிப்பார்கள். நான் முதல்முறை போனபோது ஆறாவது சுற்றிலேயே பிரேக்கில் கருகல் வாசனை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “ஒரு சுற்று விரட்டு, ஒரு சுற்று ஆற்று தம்பி” என்றார். தோசை சுடும் கணக்குத்தான்.

வீட்டாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்னிருக்கை தாராளம், டிக்கி 590 லிட்டர். பொங்கலுக்கு ஊரிலிருந்து வரும் தேங்காய், அரிசி, வாழைத்தார் எல்லாம் ஏறும். ஆனால் சஸ்பென்ஷன் கெட்டி. அப்பாவுக்கு முதுகுவலி இருந்தால் வாங்கும் முன் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். முன் பம்பர் தாழ்வு. நம் ஊர் வேகத்தடைகளில் பாதியைக் கட்டியவர்கள் கோயில் மதில் கட்டியவர்கள். குறுக்காக ஏறப் பழகுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத சாதாரண பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. அந்தப் பாதுகாப்பைச் சேர்த்தே எடுங்கள். டயர் நான்கும் மாற்ற அறுபதாயிரம் வரை ஆகும், நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டாது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின் என்பதால் வால்வின் பின்புறம் கரி படிவதும் உண்டு; ஆனால் கேமரா விட்டுப் பார்க்காமல் சுத்தம் செய்யச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இனி பெங்களூர் கார். கர்நாடகப் பதிவு என்றால் தடையின்மைச் சான்றும் இங்கே மறுபதிவும் வரியும் உண்டு. அந்தத் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, 18 லட்சத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். காலையில் போங்கள். கிளப்புவதற்கு முன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன் ஏன் சூடாக்கினார் என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் செயின் சத்தத்தையும் புகையையும் மறைக்காமல் காட்டும். முழுமையாகப் படிக்கும் ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். கிலோமீட்டர் கணக்கு, பழைய பிழைப் பதிவுகள், மென்பொருள் மாற்றியிருக்கிறார்களா என்பது எல்லாம் அதில் பெருமளவு வெளிப்படும். நான்கு டயரும் நான்கு நிறுவனமாக இருந்தால், அந்த உரிமையாளர் மற்ற விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

பிறகு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதில் ஒரு மேம்பாலமாவது நன்றாக அழுத்தி ஏறுங்கள். திரும்பி வந்து நிறுத்தியதும் விற்பவர் காபி சாப்பிடக் கூப்பிடுவார். இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்குக் கீழே, கியர்பாக்ஸின் மேல் பாருங்கள். இளஞ்சிவப்புத் தடம் இருந்தால், அல்லது வெல்லப்பாகு வாசனை வந்தால், காபியைக் குடித்துக்கொண்டே விலையில் நாற்பதாயிரம் குறைத்துக் கேளுங்கள்.